ஒட்டுப்போட்ட கோட்டு

பழைய பட்டாளத்துக்காரர்களின் கோட்டுகள் சலவைக்கடைக்கு வரத் தொடங்கினால், சண்டை நடந்த மேட்டுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது என்று தெருவுக்கே தெரியும். எல்லாம் ஒரே பச்சை, ஒரே முரட்டுக் கம்பளி. வாசனைதான் வேறு வேறு. ஒன்றில் பூச்சி உருண்டை, ஒன்றில் சுருட்டு, ஒன்றில் மூட்டுவலித் தைலம். கடைக்காரி முகர்ந்தே இது யாருடையது என்று சொல்லிவிடுவாள். போன வருஷத்துக்கு இந்த வருஷம் எத்தனை குறைந்திருக்கிறது என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

கீழே கடை, மாடியில் வீடு, பின்கட்டில் பாய்லர். அந்தக் கடையில் இதுவரை ஒரு கைக்குட்டைகூடத் தொலைந்ததில்லை. அதற்குக் காரணம் கைராசி அல்ல, சந்தேகம். யார் துணி கொண்டுவந்தாலும் அவர் கண்முன்னாலேயே உதறி எண்ணுவாள். பை தடவுவாள். உருப்படிக்கு உருப்படி குறி போடுவாள். பால்காரனைச் சந்தேகிப்பாள், தராசுக்காரனைச் சந்தேகிப்பாள், சிரித்துக்கொண்டே வருகிற சொந்தக்காரர்களை எல்லாருக்கும் மேலாகச் சந்தேகிப்பாள்.

"சாமியே வந்து நின்னாலும் இவ அடையாளம் கேப்பா," என்பான் புருஷன். வாடகை வேன் ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஊர்வாய்க்குப் பதில் சொல்லிப் பழகிய ஆள்.

அவளுடைய சந்தேகம் செல்லாத ஒரே இடம் மாமனார். கல்யாணமாகி வந்த புதிதில் நீராவியில் கை வெந்துபோனபோது, ஆறும்வரை அவளுக்குப் பதிலாக இஸ்திரி மேசையில் நின்றவர் அவர். பெற்ற தகப்பன்கூட அப்படிச் செய்திருக்கமாட்டான் என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

பட்டாளத்தில் அவருக்கு ஆணி என்று பேர். நின்ற இடத்தில் நிற்பார், யார் பிடுங்கினாலும் அசையமாட்டார். அங்கே எல்லாருக்கும் பட்டப்பேர்தான். துணி சலவைக்குப் போகும்போது கோட்டுக் கழுத்தின் உள்பக்கம் எழுத்துக்குப் பதில் படம் போட்டுக்கொள்வார்கள். இவர் போட்டது தலை கோணிய ஓர் ஆணி. கடைக்காரியும் வீட்டில் அவருடைய துணிகளுக்கு அதே கோணல் ஆணியைத்தான் போட்டுவருகிறாள்.

ஆனால் வருஷா வருஷம் அவர் மேட்டுக்குப் போட்டுப்போகும் கோட்டில் ஆணி இருக்காது, ஒரு விசில் இருக்கும். அது ஊரறிந்த கதை. விசில் என்று ஒரு பையன், வாயைத் திறந்தால் பேச்சுக்கு முன்னால் சீட்டிதான் வரும். மேட்டுச் சண்டையில் மாமனாருக்குப் பக்கத்தில் நின்றவன். குண்டு விழுந்து செத்தான். மாமனார் தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தி மண்ணைத் தள்ளினார். அவனுடைய ரத்தம் தோய்ந்த கோட்டை அவன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தம்மா அதைத் துவைத்து, தோளில் கிழிந்த இடத்துக்குப் பழுப்புப் போர்வையிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டுப்போட்டு, "நீயே போட்டுக்கப்பா, என் பிள்ளை நடமாடற மாதிரி இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கறுப்பு நூலில் கோணல்மாணலான தையல். கடைக்காரி அதன்மேல் பெட்டியை அழுத்தமாட்டாள். ஈரத்துணி போட்டு மேலோட்டமாக ஒரு தடவு தடவுவாள், அவ்வளவுதான்.

இந்த வருஷம் மேட்டில் கல் நடுகிறார்கள். செத்தவர்கள் பேரெல்லாம் வெட்டிய கல். திரையை விலக்கப்போவது மாமனார்தான் என்று முடிவாகி, தெருவே அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கியது.

முந்தின நாள் பிற்பகல், தூறலில் நனைந்தபடி ஒரு கிழவர் கடைக்கு வந்தார். கையில் சுருட்டிய கோட்டு. முன்பற்கள் இல்லை.

"இஸ்திரி போடணும்மா. காலையில வேணும்."

"எந்த ஊரு?"

"தூரம்."

"தூரம்னு ஒரு ஊரா?"

கிழவர் சிரித்தார். சிரித்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மேட்டுக்குப் போறீங்களா?"

"போலாம்னுதான்."

"இத்தனை வருஷமா உங்களைப் பார்த்ததே இல்லியே."

"வரலம்மா. வரமுடியல." பார்வை அவளைத் தாண்டி உள்ளே போயிற்று. "ஆணி இருக்காரா?"

"தூங்கறாரு," என்றாள். மாமனார் பின்கட்டில் பாய்லருக்கு விறகு தள்ளும் சத்தம் இருவர் காதிலும் விழுந்தது. கிழவர் அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு கோட்டை மேசையில் வைத்துவிட்டுத் தூறலில் இறங்கிப் போனார்.

போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் வந்தான். சந்தையில் வாங்கிய பதக்கங்களை மார்பு நிறையக் குத்திக்கொண்டு, ஓசியில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, ஆறு மேட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டதும் திருதிருவென்று விழித்தான். இவனும் அந்த ரகம்தான் என்று நினைத்துக்கொண்டே அவள் கோட்டை உதறினாள். பைகளைத் தடவினாள். காலியாக இருந்தன. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

மங்கிப்போன சலவை மையில், தலை கோணிய ஆணி.

செத்த பிள்ளைமேல் மாமனார் போர்த்திய கோட்டு. மண்ணுக்குள் போனது. அது எப்படி வெளியே வந்தது? தோண்டி உருவியிருக்கிறான்! பிணத்தைத் தொட்டு உருவிய கோட்டைப் போட்டுக்கொண்டு, போர்த்தியவர் வீட்டு வாசலுக்கே இஸ்திரி போட வந்திருக்கிறான் என்றால் எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கவேண்டும். அவள் கடையைச் சாத்தினாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நேரே பட்டாளத்துக்காரர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு நடந்தாள்.

செயலாளர் இரும்புக்கடை வைத்திருப்பவர். பட்டாளத்துக்காரர் அல்ல, பட்டாளத்துக்காரர் பிள்ளை. இவர் அம்மா வயிற்றில் இருந்தபோது இவர் அப்பா அந்த மேட்டில் செத்தார். முதல் தடவை ஏறி உயிரோடு இறங்கி, மறுபடி ஏறச்சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஏறினவர் என்று பேர். கல்லுக்காக வீடுவீடாக அலைந்ததும் இந்தச் செயலாளர்தான், போன வருஷத்துப் பொய்க்காரனைப் பிடித்துக் கொடுத்ததும் இவர்தான்.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வேற யாருக்கும் மூச்சு விடாத," என்றார். "கோட்டை இஸ்திரி போட்டு அவன்கிட்டயே குடு. நாளைக்குப் போட்டுக்கிட்டு வரட்டும். எல்லாரு முன்னாலயும் கழட்டச் சொல்லி கழுத்தைத் திருப்பிக் காட்டறேன். அந்த மண்ணுல நின்னு பதில் சொல்லட்டும்."

"என் மாமனாருக்கு இதைக் கேட்டா நெஞ்சு வெடிச்சிடுமே."

"அவருக்கும் நியாயம் கிடைக்கணும்ல?"

அதுவும் சரிதான் என்று பட்டது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீடு திரும்பினாள்.

ராச்சாப்பாட்டுக்கு ரொட்டியும் சூப்பும். மாமனார் ரொட்டியைப் பிய்த்து நனைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்களைத் தேடி ஒருத்தர் வந்தாரு."

"எனக்கு அப்படி யாரையும் தெரியாதேம்மா."

"யாருன்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே."

ரொட்டி சூப்பிலேயே நின்றது. புருஷன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவரு கோட்டுல உங்க குறி இருக்கு மாமா. கோணல் ஆணி."

"ஆணி படம் யாரு வேணா போடலாம்," என்றான் புருஷன். "நாட்டுல ஆணிக்கா பஞ்சம்?"

"நீங்க சும்மா இருங்க. இது அந்தக் கோட்டு. விசில் மேல போத்தினது. பொணத்து மேல இருந்து உருவினவன் நம்ம கடை வாசல்ல வந்து சிரிக்கறான்!"

மாமனார் முகம் வெளுத்துவிட்டது. கோபத்தில் அல்ல. இத்தனை வருஷத்தில் அவர் பயந்து அவள் பார்த்ததில்லை, அதனால் அது பயம் என்று புரியவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மாமா."

அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அவர் எழுந்து போய்விட்டார். நனைந்த ரொட்டி கிண்ணத்திலேயே ஊறிக் கிடந்தது.

அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகித்தாயிற்று, கடைசியில் அது வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மாமனார் எதற்குப் பயப்படுகிறார்? அந்த ஆள் எதையாவது சொல்லி மிரட்டுகிறானா? அல்லது அந்தப் பிள்ளை குண்டு விழுந்துதான் செத்தானா? அந்த நினைப்பு வந்ததும் தன்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் வந்த நினைப்பு போகவில்லை.

விடியும் நேரத்தில் கீழே பேச்சுச் சத்தம். இஸ்திரி அறையில் விளக்கு எரிந்தது. வரிசையாகத் தொங்கிய கோட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று காதைக் கொடுத்தாள்.

மேசையில் ஒட்டுப்போட்ட கோட்டு விரித்திருந்தது. பல்லில்லாத கிழவர் குனிந்து அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எதிரே மாமனார், பனியனோடு.

"இது அந்தப் பழுப்புப் போர்வைதானே?" என்றார் கிழவர்.

"ஆமா. நீ சின்னப் பிள்ளையில போத்திக்கிட்டதாம்."

"அம்மாவுக்குத் தையலே வராது. அக்காதான் தைப்பா."

"இதை மட்டும் யாரையும் தொட விடல. பட்டப்பகல்ல விளக்கை வச்சுக்கிட்டுத் தச்சாங்க. அழுது அழுது கண்ணு தெரியல."

கிழவர் கோட்டை முகத்தருகே தூக்கிப் பிடித்தார். "நான் உசுரோட இருக்கேன்னு அவகிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்டா."

"வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா சந்தோஷத்துல நாலு பேருகிட்ட சொல்லிடுவாங்க. ஓடிப்போனவன்னு அன்னிக்கே தேடி வந்து உன்னச் சுட்டிருப்பானுங்க. என்னையும்." மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒவ்வொரு தடவையும் அந்தம்மா கையால சாப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் பொய்யைச் சொல்லிட்டுச் சாப்பிட்டேன்."

கடைக்காரி இன்னும் கிட்டே நகர்ந்தாள். தொங்கிய கோட்டு ஒன்றில் தோள் இடித்து, அது கொக்கியோடு கழன்று விழுந்தது. இருவரும் திரும்பினார்கள்.

மாமனார் ஒளிக்கவில்லை. "இவன் ஓடலம்மா. நான்தான் தள்ளி அனுப்பினேன். கை அப்படி நடுங்குச்சு, தோட்டாவையே பிடிக்க முடியல. மறுபடி மேடு ஏறுன்னு உத்தரவு. ஏறினா திரும்பமாட்டான்னு எனக்குத் தெரியும். இவன் கோட்டெல்லாம் பக்கத்துல இருந்தவன் ரத்தம். அதைக் காட்டினா நம்புவாங்க. குளிரு வேற. என் கோட்டை இவனுக்குப் போட்டு, போடான்னு வாய்க்கால்ல இறக்கி விட்டேன்."

"நான் ஒண்ணும் கேக்க வரலம்மா," என்றார் விசில். "இந்தத் தையலைப் பார்க்கணும்னு வந்தேன். அம்மா போனப்புறம் அக்காவுக்கு மட்டும் கடுதாசி போட்டேன். அவ சாகறதுக்கு முன்னால சொல்லி அனுப்பினா, அம்மா தச்ச கோட்டு ஆணிகிட்ட இருக்குன்னு. பார்த்துட்டேன். முத பஸ்ஸுக்குக் கிளம்பறேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மாமா, நான் சொல்லிட்டேன். நேத்தே செயலாளர்கிட்ட சொல்லிட்டேன். அங்க வச்சுக் கோட்டைக் கழட்டச் சொல்லப்போறாரு."

மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். செயலாளருடைய அப்பா மறுபடி ஏறினவர். அந்தப் பிள்ளையின் முன்னால், ஏறாமல் போன ஒருவன் உயிரோடு போய் நிற்பது என்றால், போகச் சொன்னவர் கல்லின் திரையை விலக்குவது என்றால், என்ன நடக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வாழ்நாளெல்லாம் சேர்த்த மரியாதை ஒரு கழுத்துப்பட்டியின் உள்பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

"அதான் நான் கிளம்பறேன்னு சொல்றேன்ல," என்றார் விசில். "செத்தவன் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

மாமனார் எழுந்தார். "ஒரு தடவை உன்னப் போன்னு சொன்னேன். மறுபடி சொல்லமாட்டேன். வா, வேன்ல ஏறு."

ஆணி என்று சும்மாவா பேர் வைத்தார்கள்?

மேடு இப்போது உருளைக்கிழங்கு வயல். உழும்போதெல்லாம் இன்னும் துருப்பிடித்த இரும்பு வரும், வயல்காரர் வரப்போரம் குவித்து வைத்திருப்பார். உச்சியில் மட்டும் ஒரு துண்டு நிலத்தை உழாமல் விட்டிருந்தார்கள். அங்கேதான் கல். அவள் கஞ்சி போட்டு வெளுத்துக் கொடுத்த வெள்ளைத் துணி அதை மூடியிருந்தது. ஈரக்காற்று எலும்பைக் குடைந்தது. வந்திருந்த வீட்டுப் பெண்கள் டீயும் அவித்த முட்டையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிழவர்கள் அன்றைக்கு நின்ற அதே வரிசையில், செத்தவர்களின் இடைவெளியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மாமனார் பக்கத்தில் விசில்.

செயலாளர் நேரே அவரிடம் வந்தார்.

"பெரியவரே, கோட்டைக் கொஞ்சம் கழட்டுங்க."

"எதுக்கு?" என்று குறுக்கே வந்து நின்றாள் கடைக்காரி.

"எதுக்கா? நேத்து நீதானே..."

"நேத்து மூட்டத்துல சரியாப் பார்க்கல. ராத்திரி விளக்குல வச்சுப் பார்த்தேன். அது பட்டாளத்துக் குறி இல்ல, நான் போட்ட குறி. யாரும் வந்து வாங்காம கடையில கிடந்த பழைய கோட்டு. வீட்டுத் துணியோட கிடக்கட்டும்னு மாமா குறியைப் போட்டு வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரரு யாருக்கோ தானமா தூக்கிக் குடுத்துட்டாரு."

"ஆமாமா," என்றான் புருஷன். விஷயம் என்ன என்று அவனுக்கு இன்னும் பாதிகூடத் தெரியாது. ஆனால் பெண்டாட்டி கண்ணால் சொன்னால் போதும், அவன் வாய்க்கு மீதி தானாக வந்துவிடும். "வேன்ல ஏறினாரு, குளிருதுன்னாரு, குடுத்தேன். அதுக்கு இவகிட்ட நான் வாங்கின வசவு இருக்கே!"

செயலாளர் கிழவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த அணி?"

"சமையல்," என்றார் விசில். "உருளைக்கிழங்கு உரிச்சேன்."

"எந்த அணிக்கு?"

"பசிச்ச அணிக்கெல்லாம்."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகப்படுகிறவள் தான் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். சந்தேகத்துக்கு எதிரே நிற்பது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நல்லவேளை, அவர்களுடைய பழைய சார்ஜன்ட் தடியைத் தட்டினார். பேர் கூப்பிடும் நேரம்.

சார்ஜன்டுக்குக் கண் போய் வெகுகாலம். பேரெல்லாம் மனப்பாடம். உயிரோடு இருப்பவர்களையும் செத்தவர்களையும் கலந்தேதான் கூப்பிடுவார். இருப்பவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். செத்தவனுக்கு அவன் பக்கத்தில் நின்றவன் 'உள்ளேன்' சொல்ல வேண்டும். அவனும் செத்துவிட்டால் அதற்கடுத்து நிற்பவன். ஒரு பேர்கூடப் பதிலில்லாமல் தரையில் விழக்கூடாது. இப்போதெல்லாம் ஒரே ஆள் நாலைந்து பேருக்கு, நாலைந்து குரலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"நெட்டை!"

"உள்ளேன்!"

"பாதிரி!"

"உள்ளேன்!"

"ஆணி!"

"உள்ளேன்!" மாமனார் குரல் வயல் முழுக்கக் கேட்டது.

"விசில்!"

பதில் இல்லை.

இத்தனை வருஷமாக அந்தப் பேருக்கு மற்ற எல்லாக் குரலையும்விட ஓங்கி வந்த குரல் மாமனாருடையது. மாமனார் வாய் திறந்துதான் இருந்தது. செத்தவனுக்காகச் சொல்லிப் பழகிய வார்த்தை, அவன் தோளை உரசிக்கொண்டு நிற்கும்போது வரவில்லை. வரிசை திரும்பிப் பார்த்தது. செயலாளர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"விசில்!" என்றார் சார்ஜன்ட் மறுபடி.

"உள்ளேன்."

சத்தமாக வரவில்லை. பல்லில்லாத இடத்தின் வழியாகக் காற்றும் சேர்ந்து, ஒரு சன்னமான சீட்டியோடு வந்தது. ஆணிக்கு அடுத்து நின்றவர் சொன்னார், அவ்வளவுதான். முறை தவறவில்லை. யாருக்கும் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சார்ஜன்ட் மட்டும் அடுத்த பேருக்குப் போகவில்லை. குருட்டு முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"யாருப்பா சொன்னது? இன்னொரு தடவை சொல்லு."

"உள்ளேன்."

சார்ஜன்டின் தாடை ஆடியது. தடியை மண்ணில் ஊன்றிக்கொண்டார்.

"ம். இருக்கட்டும்," என்றார். "சுருட்டை!"

"உள்ளேன்!"

மாமனார் அழுதுகொண்டிருந்தார். எல்லாரும் அவரவருக்கு அழுதுகொண்டிருந்ததால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

திரும்பும்போது செயலாளர் வேனருகே வந்தார். "உன் மாமனாருக்கு ஏன் சத்தம் வரல?"

"வயசாச்சுல்ல."

"ம்." அவர் வேன் ஜன்னல்வழியே உள்ளே பார்த்தார். "நீ சொல்றதாலதான் விடறேன். துணி விஷயத்துல உன் வாயில பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும்."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் வேன் நின்றது. விசில் இறங்குவதற்குள் மாமனார் எழுந்து, ஒட்டுப்போட்ட கோட்டைக் கழற்றி அவர் மடியில் வைத்தார்.

"டேய், இது உனக்குக் குடுத்தது."

"உனக்காகத் தச்சது. எனக்குக் குடுத்து வச்சாங்க."

விசில் மறுக்க வாயெடுத்து, மறுக்க முடியாமல் தையலைத் தொட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தன் மேலிருந்த ஆணிக் கோட்டைக் கழற்றி மாமனார் தோளில் போட்டார். அம்மா தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, பொத்தானை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை மாட்டினார். அவருக்கு இப்போது அது தொளதொளவென்று இருந்தது. பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

வேன் கிளம்பிக் கொஞ்சதூரம் போனபிறகுதான் மாமனார் பேசினார்.

"அடுத்த வருஷம் கேப்பானுங்களேம்மா. அந்தக் கோட்டு எங்கன்னு."

கடைக்காரி மடியில் கிடந்த வெள்ளைத் துணியை நாலாக மடித்தாள். கல்லை மூடியிருந்த துணி, ஓரமெல்லாம் சேறு. அதற்கு ஊறல் போட வேண்டும்.

"சலவையில தொலைஞ்சிடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன் மாமா," என்றாள்.